தேரி மணலில் ஒரு பெருக்கல் குறி

என் கணவர் நாற்பது நரிகளைப் பார்த்துவிட்டு வந்தது ஒரு சனிக்கிழமை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றித் தட்டினார். சிவப்பு மண் பொலபொலவென்று கொட்டியது. காலையில்தான் கழுவிவிட்ட வாசல். அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னைக்குக் குழிநரி மட்டும் நாப்பது பாத்தேன், ஏளா. அதுக்குப் பொறவு எண்ண முடியல. அவ்வளவு வெயிலு."

"நாப்பதா? உங்கள ஒண்ணும் பண்ணலியா?"

"அது என்னய என்ன பண்ணும்? அதுபாட்டுக்குக் குழிக்குள்ள கெடக்கு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். பட்டப்பகலில், பனைமரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத மணல் காட்டில், உங்க அப்பா நாற்பது நரி பார்த்திருக்கிறார் என்றேன். நாற்பதா என்று அவளும் கேட்டாள். பிறகு, "எம்மா, அப்பாவ இனிமே தனியா விடாதீங்க," என்றாள்.

அவர் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆண்கள் என்ன செய்வார்கள்? காலையில் நடப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள், வீட்டில் இருப்பவளின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். இவர் ஒரு வருடமாகச் சனிக்கிழமை தோறும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திசையன்விளைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து, கடலுக்கு முன்னால் சிவப்பு மணல்மேடாகக் கிடக்கிற தேரிக்காட்டில் இறங்கி நடந்துவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான். ஓணான் பாக்கேன், பறவ பாக்கேன்," என்பார். திருமணமாகி முப்பது வருடத்தில் எங்கள் வீட்டுப் பல்லியைக்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

முன்பு என்றால் நான் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். "கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு?" பைத்தியத்துக்கு எங்கள் ஊரில் கோட்டி என்று பேர்; இதைக் கேட்காத மனைவி கிடையாது. பால் பொங்கினால் கோட்டி, சில்லறையை மறந்துவிட்டு வந்தால் கோட்டி, மழையில் நனைந்தால் கோட்டி. அவரும் என்னைக் கோட்டிக்காரி என்று செல்லமாகவும் கோபமாகவும் ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கிறார். ஆனால் மாசி மாதத்தில் நடந்த ஒன்றுக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வந்தாலும் பல்லுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

அன்று நான் ஆபீசிலிருந்து வந்து விளக்கேற்றும் நேரம். கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என் கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே நின்றிருக்கிறார்.

"சாரு ரொம்ப நேரமா அங்கனயே நின்னாவம்மா. நான் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போதும் நின்னாவ, திரும்பி வரும்போதும் நின்னாவ. என்ன சார்னு கேட்டா, ஒண்ணுமில்லங்காவ."

"யோசிச்சிக்கிட்டு நின்னேன்," என்றார் என் கணவர்.

"என்னத்த யோசிச்சீங்க?"

"அதான் மறந்துபோச்சு," என்று சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. இருபத்தாறு வருடமாக நடந்த வழி.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஏதேதோ கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இயற்பியல் வாத்தியாரிடம் போய்க் கழித்தல் கேட்டால்? மடமடவென்று சொல்லி முடித்துவிட்டார். இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வயதும் காரணமாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், பழக்கமில்லாத இடத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஒரு விஷயம் மண்டையில் இறங்கும். இருக்கலாம், பார்க்கலாம் என்று எழுதின கோப்பை எங்கள் ஆபீசில் யாரும் வாங்க மாட்டார்கள்.

அதன்பிறகு நானே ஆதாரம் சேகரிக்கத் தொடங்கினேன். சேகரிக்க ஆரம்பித்தால் எல்லாமே ஆதாரமாகத்தான் தெரிகிறது. ஒருநாள் பீரோ சாவி எங்கே என்று கேட்டேன். "மேல இருக்கு," என்றார். நாற்காலி போட்டு ஏறிப் பரண் முழுக்கத் துழாவினேன். சாவி மேற்குப் பக்கத்து ஜன்னலில் கிடந்தது. இன்னொரு நாள் அவருடைய செருப்பைக் கழுவக் கவிழ்த்தேன். இடது செருப்பின் அடியில் பிளேடால் ஆழமாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். புதுச் செருப்பு. உட்கார்ந்து அறுத்திருக்கிறார். என்ன இது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்லும் பதில் எனக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது?

இந்த நிலையில்தான் நாற்பது நரி வந்தது.

மகள் தீர்மானமாகச் சொன்னாள். "ஒரு தடவ நீங்க கூடப் போய்ப் பாருங்க. அப்பாவுக்கு வழி தெரியுதான்னு மட்டும் பாருங்க. தப்பினாங்கன்னா அதோட நிறுத்திருவோம். செருப்ப எடுத்து ஒளிச்சு வைங்க. அழுதாலும் விடாதீங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அந்த மனிதருக்கு வாரத்தில் மீதி ஆறு நாளும் அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் விடிகிறது என்பது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் எடுத்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி சீக்கிரம் படுத்துவிடுவார். அதை நிறுத்தும் அதிகாரம் இப்போது என் கையில் இருந்தது. எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை நானும் கிளம்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நீ வாரியா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். வேவு பார்க்க வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? புளியோதரை கட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் அவரைக் கவனித்தபடியே போனேன். கண்டக்டரிடம் சரியாக ஊரைச் சொன்னார். சரியான இடத்தில் இறங்கினார். வண்டி மாறும் இடத்தில், "பைய எறங்கு, படி ஒசரம்," என்று என் கையைப் பிடித்தார். தார் ரோடு முடியும் இடத்தில் இறங்கி, இரண்டு பனைக்கு நடுவில் புகுந்து நடக்க ஆரம்பித்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நான்தான் தயங்கினேன்.

தேரியை அதற்கு முன்பு பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே போனதில்லை. மிளகாய்ப் பொடியில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறத்தில் மணல். மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை அதேதான். அங்கங்கே பனை, தரையோடு படர்ந்த முந்திரி, குடை விரித்தமாதிரி உடைமரம். மேற்கே பார்த்தால் மலை நீலமாக நிற்கிறது. கிழக்கே உப்புக்காற்று வருகிறது, கடல் தெரியவில்லை. காற்றாலைகள் சுற்றுகின்றன, சத்தம் கேட்கவில்லை. மலையையும் பாலைவனத்தையும் கடலையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் இதை எந்தக் கோப்பில் போடுவது? எனக்குத் தலை சுற்றியது. எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே இருபது அடி நடப்பதற்குள் மறந்துபோனது.

அவர் குனிந்து மணலைப் பார்த்தபடியே நடந்தார். "இங்கன பாரு. முள்ளெலி போயிருக்கு, விடியமுன்ன. இந்தா, இது கவுதாரி. குஞ்சு கூட இருக்கு, சின்னத் தடம் தெரியுதா?" எனக்குச் சிவப்பு மண்ணில் நாலு கோடு தெரிந்தது. உண்மையாகவே இருக்கிறதா, இல்லை இவர் இட்டுக்கட்டுகிறாரா? பக்கத்தில் யாரும் இல்லை கேட்க.

ஒரு முந்திரி நிழலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, குழிநரி பாக்கணுமா?"

 சுற்றுமுற்றும் பார்த்தேன். "எங்க?"

"உன் காலுக்குக் கீழ."

குதித்தே விட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மணலில் புனல் வைத்து அழுத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். ஒரு எறும்பைப் புல் நுனியால் தள்ளி ஒரு குழியில் விட்டார். எறும்பு ஏற ஏற மணல் சரிந்தது. குழிக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மணலை வாரி எறிந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பைக் காணோம். அவர் விரலால் தோண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மூட்டைப்பூச்சியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பூச்சி.

"இதுதான் குழிநரியா?"

"பின்ன? நீ என்ன நெனச்ச?"

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆதாரத்தில் ஒன்று அடிபட்டுப்போனது. பூச்சிக்கு நரி என்று பேர் வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால்!

அப்புறம் எனக்குக் கொஞ்சம் கண் திறந்தது. வெறும் மண் என்று நினைத்த இடத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடியது. பனை ஓலையில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நீல பிளாஸ்டிக் துண்டு ஒன்று காற்றில் படபடக்கிறது என்று நினைத்துக் கைநீட்டினேன். "தொடாத, அது ஓணான்," என்றார். விரல் நீளத்துக்கு ஓர் ஓணான், கல்மேல் நின்று தொண்டையை விசிறியாக விரித்து விரித்து மடக்கியது. அப்படி ஒரு நீலத்தை நான் பட்டுப்புடவையில்கூடப் பார்த்ததில்லை. பொம்பளை ஓணானைக் கூப்பிடுகிறதாம். "இது எந்த வயசுல நிறுத்தும்?" என்று கேட்டேன். "நிறுத்தாது," என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பத்தரை மணிக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போவோம். மலைப் பக்கத்து மேகாத்து எழும்புறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிரணும்."

"காத்து அடிச்சா என்ன? நல்லதுதான. வேர்த்து ஊத்துது. கடலப் பாக்காம நான் வரமாட்டேன்."

"இல்ல, போயிரணும்," என்றார். முகம் மாறிவிட்டது. "நான் எப்பவும் பதினோரு மணிக்கு மேல இங்க நிக்க மாட்டேன்." பள்ளிக்கூடத்தில் மணி அடித்த மாதிரி அவசரப்பட்டார். எனக்கு அது பிடிபடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, எட்டுகிற தூரத்தில் இருக்கிற கடலைப் பார்க்காமல் திரும்புவதா? வாதாடினேன். வாதத்தில் நான் எப்போதும் ஜெயிப்பேன். கொஞ்ச தூரம் கிழக்கே போனோம். கடல் வருவதாகத் தெரியவில்லை. காற்றுதான் வந்தது. முதலில் கணுக்காலில் மணல் ஊர்வது போலிருந்தது. பிறகு முழங்கால்வரை அடித்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கு என்ன, எந்தப் பனையும் போதும். எனக்கு மறைவாக ஒரு புதர் வேண்டும். "இங்கனயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு முந்திரிப் புதருக்குப் போனேன், அது சரிப்படவில்லை, அடுத்ததற்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவர் நின்ற இடமும் இல்லை. எல்லா மேடும் ஒரே மேடாக இருந்தது. நான் வந்த காலடித் தடத்தைக் காற்று பாதி மூடிவிட்டிருந்தது.

போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"எங்கன நிக்கீங்க?"

"மேல நிக்கேன். மேல வா. நான் மேல..." கட்டாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய மேடு நின்றது. அதற்கு மேலே நிற்கிறார் போல என்று ஏறினேன். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. வலது முட்டியில் உயிர் போனது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை ஊன்றி, மூச்சு வாங்க உச்சிக்கு வந்தேன். அங்கே யாரும் இல்லை.

கடல் தெரிந்தது. நான் கேட்ட கடல் முழுதாக, வெள்ளிக் கோடாக, கிழக்கே கிடந்தது. தெற்கே வெகு தூரத்தில் கூடங்குளத்துக் கட்டடங்களின் உருண்டைத் தலை மங்கலாகத் தெரிந்தது. பின்னால் மலை. நடுவில் இவ்வளவு மண்ணில் என் கணவர் இல்லை. மேலே நிற்கிறேன் என்று சொன்ன மனிதர் மேலே இல்லை.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து டாக்டர் சொல்ல வேண்டியதைத் தேரி இன்றே சொல்லிவிட்டது. இருக்கும் இடம் எது என்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் நின்றுகொண்டு மேட்டில் நிற்பதாக நினைக்கிறார். மறுபடி போன் போட்டேன், போகவில்லை. கத்தினேன். காற்று என் குரலை என் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. தொப்பி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா? தண்ணீர்ப் போத்தல் என் பையில்தான் இருந்தது. கடல் கடல் என்று அடம்பிடித்தது நான்தானே. அவர் போயிரணும் என்று சொன்னார், சொன்னாரே. உச்சியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுத கண்ணில் மணல் ஒட்டியது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏளா, கோட்டிக்காரி. இங்கன உக்காந்து என்ன செய்யுத?"

மேட்டின் சரிவில், தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"மேல நிக்கேன்னு சொல்லிட்டு எங்க போனீங்க?"

"மேலதான நின்னேன். ரோட்டுப் பக்கம், அந்தப் பனைகிட்ட. மேலன்னா மேக்க." கையை மலைப் பக்கம் நீட்டினார். "இருபத்தாறு வருசமா மேலத்தெருவுல குடியிருக்க. அது என்ன மச்சு மேலயா இருக்கு?"

 அவர் முக்கூடலில் வயல்காட்டில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் இலை போட்டால்கூட, "உப்ப கொஞ்சம் கீழப் பக்கம் தள்ளி வை," என்பார்கள். இடது, வலது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாளையங்கோட்டையில் பிறந்த எனக்குக் கிழக்கு தெரிவது பொங்கல் அன்று மட்டும்தான். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. சாவியும் மேலதான் இருந்திருக்கிறது. நான்தான் முப்பது வருடமாகப் பரணில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படியானால் வழி தப்பினது யார்? நான் இந்த மனிதரைச் சோதிக்க வந்தேன். என்னை அல்லவா அவர் தேடிப் பிடித்திருக்கிறார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தடந்தான். காத்துக்கு மறைவா இருக்கிற பக்கம் அழியாது. பொதருக்குப் பின்னால இருந்து புடிச்சேன்." பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தார். "ஒரு கால இழுத்து இழுத்து வைக்க. மணல்ல கோடு விழுந்திருக்கு. எத்தன நாளா வலிக்கு? சொல்லவே இல்லியே நீ."

மூன்று மாதமாக வலி. அவருடைய மறதியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என்னுடைய முட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நினைவிருக்காது என்றும் நினைத்தேன். தண்ணீரைக் கொடுத்தேன், குடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவருக்கு ஒன்றுமில்லை. நரியும் சரியாகிவிட்டது, சாவியும் சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"செருப்புல எதுக்கு அப்படி வெட்டி வச்சிருக்கீங்க?"

அவர் இடது செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பெருக்கல் குறியில் சிவப்பு மண் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"இங்கன பனையேறுறவங்க தடம் கெடக்கும், ஆடு மேய்க்கிறவங்க தடம் கெடக்கும். இது இருந்தா என் தடம் எதுன்னு தெரியும். அதப் பிடிச்சிக்கிட்டே ரோட்டுக்குத் திரும்பிருவேன். காத்து எழும்பினா அழிஞ்சிரும். அதான் பதினோரு மணி."

"உங்களுக்குத்தான் மலைய வச்சு மேக்கு தெரியுதே. பொறவு தடம் எதுக்கு?"

"மேக்கு தெரியும். எங்கேருந்து வந்தேன்னு சில நேரம் தெரிய மாட்டேங்கு." அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடிதான் சொன்னார். "ஊருக்குள்ளயும் அப்படித்தான் வருது. அன்னைக்கு வண்ணார்பேட்டையில நான் ஒண்ணும் யோசிக்கல. நின்னேன், அவ்வளவுதான். எல்லாக் கடையும் தெரியுது, எல்லா போர்டும் வாசிக்கேன், வீடு எந்தப் பக்கம்னு மட்டும் வரல. தார் ரோட்டுல தடம் கெடையாதே. இங்கன வந்தா கெடக்கு. வந்த வழி அப்படியே கெடக்கும். அதான் இங்க வாரேன், ஏளா. ஓணானெல்லாம் பொறவு பழகினதுதான்."

  இவ்வளவு நாளும் ஆம் அல்லது இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தவித்தேன். இப்போது அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்குத் தெளியவில்லை. காலை முழுவதும் நான் பார்த்த மனிதர் யார்? கவுதாரிக் குஞ்சின் தடத்தைப் படிக்கிறவருக்கு, என் முட்டிவலியை மணலில் வாசிக்கிறவருக்கு, மறதி என்றால் அது என்ன மறதி?

புளியோதரையை அவிழ்த்தேன். மணலோடு சாப்பிட்டோம். இறங்கும்போது அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். மலையைப் பார்த்து நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

திசையன்விளையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் மகள் கூப்பிட்டாள். அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? அப்பா வழி தப்பினாங்களா?"

"இல்ல. நாந்தான் தப்பினேன். அப்பாதான் வந்து கண்டுபிடிச்சாங்க."

"நெசமாவாம்மா? அந்த நரி?"

"அது பூச்சி. வந்து சொல்லுதேன்."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்னதுபோல்தான் இருந்தது. நாளைக்குச் சொல்ல வேண்டும். அல்லது டாக்டரிடம் போகும்போது சொல்ல வேண்டும். எதைச் சொன்னால் எது நிற்கும், எது போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போட்டாலும் அவருடைய சனிக்கிழமையில் வந்து இடித்தது. அடுத்த வாரமும் நான் கூட வருவேன், காற்று எழும்பும் முன் திரும்பிவிடுவேன் என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வண்ணார்பேட்டையில் இறங்கியபோது ஐந்து மணி. பாலத்துக்கு அடியில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. நகைக்கடை விளம்பரம், துணிக்கடை விளம்பரம், புதிதாக ஒரு பிரியாணிக் கடை. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. ஐந்தாறு அடி நடந்தவர் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விளம்பரப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசிப்பது மட்டும் தெரிந்தது.

வலது பக்கம் திரும்புங்க என்று வாய்வரை வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுக்கவும் கை போனது. நிறுத்திக்கொண்டேன். கட்டடங்களுக்கு இடையில் வெயில் எங்கே விழுகிறது என்று தேடினேன். சாலையின் அந்தக் கோடியில் மஞ்சளாகத் தெரிந்தது.

"ஏங்க, நேரமாச்சு," என்றேன். "மேல போவோம்."

அவர் தலையை உயர்த்தினார். ஒருமுறை வெயிலைப் பார்த்தார். பிறகு சரியாகத் திரும்பி, எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் வலது காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.